மௌனம் யாருக்கு அழகு?



2009இல் வந்த 'மத்மோசெல் ஷாம்போன்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஸ்தெபான் பிரிசே இயக்கியது. மனைவி, மகனோடு வாழும் ஒரு கொத்தனார், மகனின் ஆசிரியை வீட்டில் ஜன்னல் மாற்றப் போகிறார். அந்த ஆசிரியை வயலின் வாசிக்கிறார், இவர் கேட்கிறார். காதல் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசியில் ரயில் நிலையம் வரை பையோடு போனவர், அவருடன் ரயிலேறாமல் வீடு திரும்புகிறார்.

படம் பார்த்தவர்கள் "எவ்வளவு கண்ணியமான காதல்!" என்கிறார்கள். சரிதான். ஆனால் அதே கொத்தனார் வகுப்பறைக்குப் போய்த் தன் தொழிலைப் பற்றிப் பேசுகிறார், பிள்ளைகள் ஆர்வமாகக் கேள்வி கேட்கிறார்கள். அதையும் கவனியுங்கள். இருவருக்கும் நடுவே வர்க்கம் இருக்கிறது, தீட்டு இல்லை. மயிலாப்பூர் சபாக்களைக் கட்டிய கொத்தனார்களில் எத்தனை பேர் டிசம்பரில் உள்ளே உட்கார்ந்து வயலின் கேட்டிருப்பார்கள்?

அந்த மனிதர் திரும்பிப் போனது மனசாட்சியால். அரிவாளோடு யாரும் துரத்தவில்லை. நம்மிடமும் ஒரு மௌனக் காதல் படம் உண்டு: மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', 2018. ஜோவின் வீட்டுத் திருமணத்தில் தனக்கு நடந்த கொடுமையைப் பரியன் அவளிடம்கூடச் சொல்வதில்லை. அந்த மௌனத்தை அழகு என்று ரசிக்க முடியுமா? சாதி அவன் வாயில் திணித்த துணி அது.

"சென்னையில் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் தி.நகரிலும் அடையாறிலும் வாடகைக்கு வீடு தேடிப் பார்க்கட்டும். 'சைவம் மட்டும்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று புரியும்.

சட்டமும் காதலர்களைக் காட்டிக்கொடுக்கிறது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அது பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும். தப்பி வந்தவர்களின் முகவரியைத் துரத்துகிறவர்களுக்கே தருவதுதானே இது? இருவரும் இந்துக்கள் என்றால், அண்ணா ஆட்சியில் சட்டமான சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. அதை வழக்கறிஞர்கள் முன்னிலையிலும் நடத்தலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சாதி மறுப்பு இணையர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2018இலேயே உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் அது செயல்படுகிறதா என்று கேளுங்கள்.

சிறப்புத் திருமணத்துக்கு மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நண்பரோ தோழியோ நம்பி வந்து சொன்னால், "பெற்றோரை யோசித்துப் பார்" என்று அறிவுரை சொல்லாதீர்கள். அந்த மூவரில் ஒருவராகப் போய் நில்லுங்கள்.

ஜெய் பீம்.