நாலு பேர் போட்ட காசு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஞ்சினியரை மேடை ஏற்றினால் மெஷினைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு நான் ஒரு வக்கீலம்மாவைப் பற்றிச் சொல்லப் போறேன்.

கம்பெனி வேலையாக நெதர்லாந்து போயிருந்தபோது, தி ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தைக் காட்டிய நண்பர், "இங்கே முதன்முதலில் தேர்வான 18 நீதிபதிகளில் ஒருவர் தமிழ் வம்சாவளிப் பெண், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியலீங்க. வெட்கமாப் போச்சு. ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன்.

அவர் நவநீதம் பிள்ளை. 1941-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். 1860 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன கூலி ஜனங்களால் உருவானது அங்கத்திய தமிழ்ச் சமூகம். அப்பா பஸ் டிரைவர். காலேஜுக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. கிளேர்வுட் பகுதி இந்திய ஜனங்கள் தங்களால் முடிந்ததைப் போட்டு, நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைத்தார்கள்.

1965-ல் சட்டப் பட்டம் வாங்கினார். நிறவெறி ஆட்சிக் காலம். கறுப்பர், அதிலும் பெண் என்று எந்த அலுவலகமும் வேலை தரவில்லை. 1967-ல் தானே ஆபீஸ் திறந்தார். நேட்டாலில் அப்படித் திறந்த வெள்ளையரல்லாத முதல் பெண் அவர். 1973-ல் ராபன் தீவுக் கைதிகளுக்கு வக்கீலைச் சந்திக்கும் உரிமையை வாதாடி வாங்கிக் கொடுத்தார். 28 வருஷம் தொழில் செய்தும் நீதிபதியின் அறைக்குள் காலெடுத்து வைக்க அவரை விடவில்லை. 1995-ல் அதே அறைக்குள் முதன்முறையாக நுழைந்தார், நீதிபதியாகவே!

அடுத்து, ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. நீதிமன்றம். தான்சானியாவின் அருஷா நகரில் நடந்தது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று 1998-ல் முதல் தடவையாகத் தீர்ப்பு வந்தது. அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் இவர். 2003-ல் தி ஹேக். 2008 முதல் 2014 வரை ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையர். 2013-ல் இலங்கை முல்லைத்தீவு வரை நேரில் போய், போரில் தவித்த ஜனங்களின் குறைகளைக் கேட்டவரும் இவர்தான்.

இதை ஏன் இங்கே சொல்றேன்?

நானும் டிரைவர் மகன்தான். அப்பா திருச்செங்கோட்டில் லாரி ஓட்டினார். மூன்றாம் வருஷம் ஃபீஸ் கட்ட வழியில்லாமல், ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டிவிட்டேன். ஒரு சீனியர் அண்ணா மெஸ்ஸில் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று வசூல் செய்து, ரசீதை என் கையில் கொடுத்தார். "போய்ப் படிடா" என்றார். அவ்வளவுதான்.

நம் சங்கம் இந்த வருஷம் நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று பேசுகிறது. அழகாத்தான் இருக்கும். ஆனால் தறிக்காரர் மகளோ, டிரைவர் மகனோ பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வளைவு வழியாக வீட்டுக்குப் போனால், நமக்கு அதில் என்ன பெருமை? வளைவை அடுத்த வருஷம் பாத்துக்கலாமுங்க. அந்தப் பணத்தை முதலில் ஃபீஸுக்கு ஒதுக்குவோம். என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

தம்பி தங்கைகளே, கஷ்டம்னா வாயைத் திறந்து சொல்லுங்க. நாலு பேர் காசில் படிப்பது கேவலமில்லை. படித்தபிறகு அந்த நாலு பேரில் ஒருவராக வந்து நில்லுங்க. அது போதும்.