வீட்டு விளக்கிற்கு எந்தக் கம்பி?

(ஊராட்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வீடு கட்டுகின்றவர் நிலைக்கதவுக்கு எந்த மரம் ஏற்றது என்று பத்துப் பேரைக் கேட்கிறார். சுவருக்குள் ஓடப்போகும் மின்கம்பியைப் பற்றி ஒருவரையும் கேட்பதில்லை. பூசி மறைத்துவிடும் பொருள்தானே என்று விலை குறைந்ததை வாங்கிவிடுகிறார். இதனால் விளைந்த துன்பமொன்றை முதலிற் கூறுகிறேன்.

எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் ஒருவர், மாட்டுக் கொட்டகையில் ஒரு விளக்கு எரிவதற்காக வீட்டிலிருந்து மெல்லிய கம்பி இழுத்திருந்தார். விளக்கு குறைவின்றி எரிந்தது. பின்னர் அதே கம்பியில் தீவனம் நறுக்கும் எந்திரத்தைப் பூட்டினார். ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. சலித்துப்போய், செப்பு இழைகள் பலவற்றை முறுக்கி ஃபியூஸில் கட்டினார். அதன்பின் ஃபியூஸ் போகவில்லை, கம்பி எரிந்தது. கீற்றுக் கொட்டகையும் இரண்டு கன்றுகளும் ஒரே இரவில் சாம்பலாயின. கம்பியில் அவர் மிச்சப்படுத்தியது சில நூறு ரூபாய்.

குற்றம் விளக்கினுடையதன்று. 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் பத்து எரிந்தாலும் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஆகாது. ஆனால் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 1,500 வாட் வெந்நீர் ஹீட்டர் ஆறரை ஆம்பியர் இழுக்கும். வாய்க்கால் கொள்ளாத நீரை விட்டால் கரை உடைகிறது. கம்பி தாங்காத மின்னோட்டம் சென்றால் கம்பி சூடேறி உறை உருகுகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். ஆகவே இன்று எரியும் விளக்கை மட்டும் பார்த்துக் கம்பி வாங்கலாகாது. நாளை அதில் எதைப் பூட்டுவோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடைக்காரர் ‘ஒன்றரை’, ‘இரண்டரை’ என்பது கம்பிக்குள் இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் குறிப்பதாகும். விளக்கு, விசிறி ஆகியவற்றுக்குச் செப்புக் கம்பி ஒன்றரைக்குக் குறையலாகாது. ஒரு சுற்றில் விளக்கு, விசிறி, சிறு பிளக்கு எல்லாம் சேர்த்துப் பத்து இடங்களுக்கு மேலோ, 800 வாட்டுக்கு மேலோ போதல் கூடாது. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்றவற்றுக்கான 16 ஆம்பியர் பிளக்கிற்கு இரண்டரைக் கம்பியில் தனிச் சுற்று அமைத்தல் வேண்டும்.

தொலைவும் கணக்கிற் சேரும். 50 மீட்டர் அப்பாலுள்ள கொட்டகைக்குப் போக வர 100 மீட்டர். ஒன்றரைக் கம்பியில் 7 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் ஓடினால், ஏறத்தாழ 8 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். மோட்டார் புறப்படும் வேளையில் இழப்பு இன்னும் பன்மடங்காகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால், ஓடும்போது இழப்பு 3 வோல்ட் அளவே.

கம்பிக்குக் காவலன் ஃபியூஸ். இப்போது எம்.சி.பி. அந்த வேலையைச் செய்கிறது. ஒன்றரைக் கம்பிக்கு 6 அல்லது 10 ஆம்பியர், இரண்டரைக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. பொருந்தும். அது அடிக்கடி விழுந்தால், பெரியதை மாற்றிப் போடுவது காவலனைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும். சுமையைக் குறையுங்கள், அல்லது கம்பியை மாற்றுங்கள். ஆளைத் தாக்கும் மின்கசிவை எம்.சி.பி. தடுக்காது, அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த் இணைப்பும் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அரசுத் திட்டத்தில் வீடு கட்டப்படும்போது, சுவர் பூசுவதற்கு முன் ஒருமுறை நேரிற் சென்று பாருங்கள். கம்பிச் சுருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அளவும் உள்ளனவா என்று படித்துப் பாருங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். பூசிய பிறகு பிழையைத் திருத்தச் சுவரை உடைக்க வேண்டும். தீப்பிடித்த பிறகு திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

இருளை நீக்க வந்த மின்சாரம் இல்லத்தை எரிக்காதிருக்கட்டும்.