படைவீரர் ஏந்திய எழுதுகோல்



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில், படைவீரர் ஒருவரின் வரலாற்றைக் கூற விழைகிறேன். மராட்டிய நாட்டுக் கொங்கணப் பகுதியில், மகாட் நகருக்கு அருகே மகார் குலத்தில் பிறந்தவர் கோபால் பாபா வலங்கர். ஆங்கிலேயரின் படையில் பணியாற்றி, 1886இல் ஓய்வு பெற்றுத் தபோலியில் குடியமர்ந்தார். ஓய்ந்திருக்கலாம், அவரோ எழுதுகோலை ஏந்தினார்.

சோதிராவ் பூலேயின் கருத்துகளில் ஈடுபட்டு, 'தீனபந்து' முதலிய இதழ்களில் எழுதினார். 1888இல் 'விடாள் வித்வம்சக்' என்னும் வெளியீட்டைக் கொணர்ந்தார். தீட்டை அழிப்பது என்பது அதன் பொருள். தீண்டாமைக்கு ஆதாரம் யாது என உயர்சாதியாரை நோக்கி 26 வினாக்களைத் தொடுத்தார்.

இந்த எழுத்தாற்றல் எங்கிருந்து வந்தது? ஊர்ப் பள்ளிகள் ஒடுக்கப்பட்டோரை வாயிலிலேயே நிறுத்திய அந்நாளில், படை முகாம்களில் வீரர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் இருந்தன. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் சுபேதார் ராம்ஜி சக்பாலும் படைப்பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கியவரே.

1890களின் தொடக்கத்தில் மகார் மக்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்திற்று. தலைமுறைகளாகக் குருதி சிந்தியவர்களுக்குக் கதவு அடைபட்டது. அதனை எதிர்த்து 1894இல் விண்ணப்பம் வரைந்தவரும் வலங்கரே. கதவு திறப்பதைக் காணாமலே 1900இல் அவர் மறைந்தார். மகார் படைப்பிரிவு நிலைபெற்றது 1941இல்தான். வேலையைப் பறித்த அரசால் அவர் கற்ற எழுத்தைப் பறிக்க இயலவில்லை. அவர் வினாத் தொடுத்த அதே மண்ணில், 1927இல் மகாட் குளத்து நீரை அண்ணல் அள்ளிப் பருகினார்.

நம் நாட்டிலும், 1893இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். அவர் கல்லூரிக் கல்வி பயின்றது நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரில்தான்.

இளைஞர்களே! நம் குடும்பங்களிலும் படைக்குச் சென்று திரும்பியோர் உண்டு. அவர்கள் கண்டதும் பட்டதும் பெட்டியிலுள்ள பதக்கத்தோடு முடிந்துவிடலாகாது. அருகமர்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். பனியன் கம்பெனியில் கட்டிங் மேசையிலும் தையல் இயந்திரத்திலும் உழைக்கும் நீங்களும் உங்கள் வாழ்வை எழுதுங்கள். ஆர்டர் குறைந்தால் வேலை நிற்கும். கற்ற எழுத்து நம்மை விட்டு நீங்காது. அந்த எழுத்தை ஊட்டவே இச்சங்கம் தோன்றியது.