சட்டமன்றக் கூட்டத் தொடர் முடிவது எவ்வாறு?

(கோவில்பட்டியில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



“சட்டசபை முடிந்துவிட்டது, இனி நம் மசோதா அவ்வளவுதான்” என்று கிராமங்களில் பேசக் கேட்கிறோம். இவ்வெண்ணம் சரியன்று. ஒத்திவைத்தல், இறுதி செய்தல், கலைத்தல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

அலுவல் முடிந்ததும் பேரவையை ஒத்திவைப்பவர் பேரவைத் தலைவர். மறுநாள் குறித்தும் ஒத்திவைக்கலாம். நாள் குறிப்பிடாமலும் ஒத்திவைக்கலாம். அதனால் மட்டும் கூட்டத் தொடர் முடிந்துவிடுவதில்லை; அவரே உறுப்பினர்களை மீண்டும் கூட்டலாம். தொடரை முறைப்படி முடிப்பது ஆளுநரின் ஆணையாகும். அமைச்சரவையின் ஆலோசனையின்பேரில், அரசியலமைப்பின் 174-ஆவது பிரிவின்படி அவர் அதைப் பிறப்பிக்கிறார். இதற்கே இறுதி செய்தல் என்று பெயர். அதன்பின் பேரவை கூட, ஆளுநர் புதிதாக அழைப்பு விடுக்க வேண்டும். ஒரு தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதம் கழிந்துவிடலாகாது.

அறுவடை முடிந்ததும் கோடையில் நம் கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கிறது. அது செத்துவிட்டதென்று எவரேனும் சொல்வதுண்டோ? புரட்டாசி பிறந்ததும் மழையை நம்பி விதைக்கிறோம் அல்லவா? இறுதி செய்யப்பட்ட பேரவையும் அத்தகையதே. இறுதி செய்வதால் நிலுவையிலுள்ள மசோதா காலாவதியாகாது என்று 196-ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பேரவையைக் கலைத்தாலோ, அங்கே நிலுவையிலுள்ள மசோதா அத்துடன் மடிந்துவிடும்.

இடைக்காலத்தில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தொடர் நடவாத காலத்தில் 213-ஆவது பிரிவின்படி அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். பேரவை மீண்டும் கூடியபின் ஆறு வாரம் கழிந்தால் அது செயலற்றுப் போகும். 2022 அக்டோபரில், இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் வந்தது. அம்மாதம் 17-இல் பேரவை கூடி, 19-இல் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமையால், நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் காலாவதியாயிற்று. 2023 மார்ச்சில் பேரவை மசோதாவை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமாயிற்று. இடையில் நான்கு மாதத்துக்கு மேல், சூதில் பொருளிழக்கும் குடும்பங்களுக்கு அச்சட்டத்தின் காவல் இல்லாதிருந்தது. நாள்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. வீட்டு வாசல் வரை வருவது.

ஆகவே, பேரவை ஒத்திவைக்கப்பட்டதென்று கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். நமக்கு வேண்டிய மசோதா எந்நிலையில் உள்ளது என்று சட்டமன்ற உறுப்பினரைக் கேட்போம். அடுத்த தொடருக்குரிய கோரிக்கையை இடைக்காலத்திலேயே எழுதிக் கொடுப்போம். மழைக்கு முன்பே உழுது வைப்பவன்தான் விதைக்கும் நாளைத் தவறவிடமாட்டான்.