உப்புக்காற்றும் உருக்குக் குழலும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடல்வாயிலில், நாற்புறமும் நீர் சூழ ஒரு சிறு கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். இலங்கையைப் பன்றித்தொடை வடிவினதாகக் கண்ட அவர்களுக்கு, அக்கோட்டை தொடையின் குதிக்காலாகத் தோன்றிற்றாம். அங்கே காவல் நின்றவர்களுக்கு இருவகைப் பகை இருந்தது. எதிரி என்றோ ஒருநாள் வருவான். கறளோ நாள்தோறும் வரும்.

ஏட்டிலே துரு என்றும் வீட்டிலே கறள் என்றும் வழங்கும் இதற்கு, நீரும் ஒட்சிசனும் போதும். ஆனால் தீவகத்தில் மூன்றாவது பொருளொன்றும் சேர்கின்றது. சோளகம் வீசும் மாதங்களில் அலைநுரையிலிருந்து எழும் உப்புத்துகள், நெடுந்தீவின் கற்சுவர்களிலும் நயினாதீவின் யன்னற் கம்பிகளிலும் ஒருங்கே படிகின்றது. தூய கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்தளவில் ஏறினாற்றான் நீர்த்துப்போகும். கடலுப்பிலோ மகனீசியங் குளோரைட்டும் கலந்துள்ளது. அது நூற்றுக்கு முப்பத்து மூன்றளவு ஈரத்திலேயே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். ஆகவே, மழையே இல்லாத நாளிலும், உப்புப் படிந்த இரும்பு நனைந்த இரும்புதான்.

இத்தகைய காற்றிலே, பூச்சு எதுவுமற்ற ஓர் உருக்குத் துவக்குக் குழலை எவ்வாறு காப்பது? கதவுக்கம்பியிற் குழி விழுந்தால் அழகு மட்டுமே கெடும். இலங்கையிலும் காவற்றுறையினரும் படையினரும் நெடுங்காலம் ஏந்திய 303 றைபிளிலோ, வெடிக்கும் கணத்தில் அறையினுள் எழும் அமுக்கம் சதுர அங்குலத்துக்குப் பதினெட்டுத் தொன்னுக்கு மேற்பட்டது. சுடுபவனின் கன்னம் அதற்குச் சில அங்குலத் தொலைவிலே உள்ளது. மேலும், அத்துவக்கின் குழல் பெரும்பாலும் மரத்தினுள் மறைந்திருப்பது. மரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க, கண்ணுக்குப் படாத பக்கத்திலேயே கறள் உண்ணத் தொடங்கும். அது தின்ற உலோகத்தை எந்தப் பூச்சும் மீட்டுத் தராது.

கூரைத் தகரத்தைக் காக்கும் நாகப்பூச்சு நினைவுக்கு வரலாம். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து இரும்பைக் காப்பது நாகத்தின் இயல்பு. ஆனால் அதற்கு உருக்கை 450 பாகை செல்சியசு அளவில் உருகிய நாகத்தில் அமிழ்த்தவேண்டும். அவ்வெப்பம் உருக்கின் பதத்தைக் கெடுக்கக்கூடும். நுண்ணளவாகக் கடைந்த உட்புறமும் மூடுண்டுவிடும். குழலுக்கு அது ஆகாது.

பழைய துவக்குத் தச்சர் கண்ட வழி வியப்பானது. அவர்கள் கறளைக் கொண்டே கறளைத் தடுத்தனர். அமில மருந்து தடவிக் குழலில் வேண்டுமென்றே செங்கறள் பிடிக்கவிட்டு, கொதிநீரில் அவித்துக் கருங்கறளாக மாற்றி, கம்பித் தூரிகையாற் றேய்த்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்வர். பிற்காலத் தொழிற்சாலைகள் எரிசோடாவும் நைத்திரேற்றும் கலந்த கொதிகலவையில் இட்டு இதனையே விரைவாகச் செய்தன. அக்கலவை கண்ணைப் பறிக்கவல்லது. வீட்டு அடுப்பில் வைக்கத்தக்கதன்று. இவ்வாறு வரும் கருநீலம் கண்ணுக்கு இனியது. ஆயினும் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவே. எண்ணெய் காய்ந்தால் சில நாட்களிலேயே சிவப்புப் புள்ளிகள் தோன்றும். குப்பியில் விற்கும் குளிர்நீல மருந்தோ இதனினும் மெலிந்தது. கீறலை மறைக்க உதவும், அவ்வளவே.

1906ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கொஸ்லெற் என்பவர், இரும்பைப் பொசுபோரிக்கமிலக் கரைசலிற் காய்ச்சி அதன்மேல் பொசுபேற்றுப் படலம் உண்டாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அப்படலம் சாம்பல் நிறமானது, மினுக்கம் அற்றது, தடவினால் சொரசொரப்பானது. அழகை நாடுவோர் அதனை ஒதுக்குவர். ஆனால் அதன் நுண்பளிங்குகளின் இடையே எண்ணெய் புகுந்து தங்குகின்றது. கருநீலத்தின் மேல் எண்ணெய் படுத்திருக்கிறது எனலாம். பொசுபேற்றினுள் அது குடியிருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைகள் பல இதனையே விரும்பின. பிரித்தானியர் இதன்மேற் கருவர்ணம் பூசிச் சூளையிற் சுட்டும் வைத்தனர். தீவகக் காற்றுக்குத் தெரிவு செய்யவேண்டியது இதுவே. நாடோறும் துடைக்க ஆளிருந்தால் எண்ணெய் போதும்; இல்லையெனில் சுட்ட வர்ணமும் வேண்டும். ஆனால் அவ்வர்ணத்திற் கீறல் விழுந்தால், கறள் அதன் அடியாகவே ஊர்ந்து செல்லும்.

கறள் பிடியாத உருக்கிலேயே குழலைச் செய்தாலென்ன என்று கேட்கலாம். செபீல்டு நகரில் ஹரி பிரியர்லி 1913ஆம் ஆண்டில் அவ்வுருக்கை வார்த்ததே, துவக்குக் குழல்களின் தேய்மானத்தை ஆராயப் புகுந்தபோதுதான். துவக்குக்கெனத் தேடியது கத்தியாகவும் கரண்டியாகவும் அடுக்களை புகுந்தது! அவ்வுருக்கிலும் கடலுப்பு மெல்லக் குழிபறிக்கும் என்பதை மறத்தலாகாது.

இவையெல்லாம் புறத்துக்கே. அகத்தில் உப்பு வேறு வழியாக வரும். பழைய தோட்டாக்களின் தீமூட்டியில் இருந்த பொற்றாசியங் குளோரேற்று, எரிந்தபின் குளோரைட்டாகிக் குழலினுள் படியும். எண்ணெய் அதனைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். ஆதலாற் போர்வீரர், சுட்ட பின் குழலுக்குள் கொதிநீர் வார்த்துக் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இட்டனர். தீவகத்திலே இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. கிணற்று நீர் பலவிடங்களில் உவர்நீர். அதனைக் காய்ச்சி ஊற்றினால், ஓர் உப்பைக் கழுவி வேறோர் உப்பை வைத்ததாகும். குடத்திற் சேர்த்த மழைநீரே வேண்டும். குடிக்கவே நீர் அரிதான கோடையில் துவக்குக்கென ஒரு செம்பு நன்னீர் கேட்டால் வீட்டிலே என்ன மறுமொழி கிடைக்குமென்பதை நேயர்களே ஊகிக்கலாம். ஆயினும் அந்தச் செம்பு நீரை வார்த்த பின்னரே எண்ணெய்ச் சீலையை எடுக்கவேண்டும். அவ்வெண்ணெயும் கனிய எண்ணெயாக இருத்தல் நன்று. தேங்காய் எண்ணெய் நாட்பட்டாற் சிக்குப்பிடித்து அமிலமாகும்.