கடற்கரையின் மூத்த குடிகள்

(ஐதராபாத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடல் இல்லாத நகரத்தில் வாழும் நமக்குக் கடற்கரையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். உசேன்சாகர் கரையில் காற்று வாங்குகிறோம். மிருகசிரா கார்த்தி நாளில் இந்நகரமே மீன் உண்பதைக் காண்கிறோம். கொர்ரமீனு என்று தெலுங்கர் சொல்லும் விரால் மீனை நம் வீட்டுப் பெண்களும் விலைபேசி வாங்கக் கற்றுவிட்டார்கள். ஆயினும், கோடை விடுமுறை வந்தவுடன் நம்மில் பலர் சென்னைக்குப் புகைவண்டி ஏறுகிறோம். அங்கே பிள்ளைகளை முதலில் அழைத்துச் செல்லும் இடம் மெரினாக் கடற்கரை. அலையில் கால் நனைத்து, சுண்டல் வாங்கித் தின்று, கலங்கரை விளக்கத்தைக் காட்டிவிட்டுத் திரும்புகிறோம்.

அந்தக் கலங்கரை விளக்கத்திற்கு அருகிலேயே நொச்சிக்குப்பம் இருக்கிறது. அதற்கு வடக்கே நடுக்குப்பமும் அயோத்தியாகுப்பமும் உள்ளன. தெற்கே அடையாற்றின் முகத்துவாரத்தைக் கடந்தால் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் உள்ளன. துறைமுகத்திற்கு அப்பால் இராயபுரமும் காசிமேடும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் கண்டும் காணாமலும் கடந்துவிடுகிறோம். கடற்கரையை நாம் மாலைப்பொழுதைக் கழிக்கும் இடமாக எண்ணுகிறோம். அங்குள்ளோர்க்கோ அதுவே தொழிற்களம், அதுவே களஞ்சியம், அதுவே முற்றம். இந்த உண்மையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே யான் இன்று சொல்ல வந்த செய்தி.

நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று வகுத்தனர். பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அத்தொன்மைத் தொழிலின் வழியில் வந்தவர்களே இக்குப்பத்து மக்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639இல் இம்மணற்கரையில் இடம் பெற்றபோதே இங்கு மீனவர் குடியிருப்புகள் இருந்தன. கோட்டையும் நகரமும் பின்னர் எழுந்தவை.

அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரையோரத்து அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை நம்மவரின் மசூலாப் படகுகளே. அவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை, கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். எத்துணை நுட்பமான அறிவு! கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர் தம் மொழியிலேயே ஏற்றுக்கொண்டனர். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு அப்பெயரே வழங்குகிறது. இராயபுரம் என்னும் பெயரும் இராயப்பர் ஆகிய புனித பேதுருவின் பெயரால் வந்தது. அங்கே அவர் பெயரில் படகுத் தொழிலாளர் எழுப்பிய ஆலயம் இன்றும் நிற்கிறது.

அன்பர்களே! மெரினாவின் அகன்ற மணற்பரப்பு இயற்கை முழுவதுமாகத் தந்த கொடை என்று நினைக்கிறோம். உண்மை வேறு. 1870களில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் குறுக்கே நின்றதும் தெற்கில் மணல் குவிந்தது. வடக்கில் மணல் வரத்து நின்று கரை அரித்தது. தெற்கே உலாவும் சாலை அமைந்தது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் நிலத்தைக் கடலுக்குக் கொடுத்துக் கற்சுவரை வாங்கின. ஒரே துறைமுகம் ஒரு பக்கத்து மக்களுக்குப் பூங்காவாகவும் மறுபக்கத்து மக்களுக்கு இழப்பாகவும் ஆயிற்று.

மத்தியதரைக் கடலின் கரையில் உள்ள பார்சிலோனாவிலும் இதுவே நடந்தது. அங்கும் துறைமுகச் சுவரால் மணல் ஒதுங்கி நிலம் உண்டாயிற்று. அதன்மேல் 1753 முதல் பார்சிலோனெட்டா என்னும் குடியிருப்பு எழுந்தது. மீனவரும் மாலுமிகளும் அதில் வாழ்ந்தனர். 1992 ஒலிம்பிக் விழாவுக்காக அக்கடற்கரை திருத்தப்பட்டது. பின்னர் உல்லாசப் பயணிகள் பெருகி, வாடகை ஏறி, பழைய குடிகள் தம் தெருவிலேயே இருக்கத் திண்டாடுகின்றனர். ஆகவே, குப்பங்களின் துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் அதே கடலின் மார்செய் நகரில் 15ஆம் நூற்றாண்டு தொட்டு மீனவர்கள் தம்மவரையே நடுவராகத் தேர்ந்து, வலை வழக்குகளைத் தீர்த்து வருகின்றனர். பிரெஞ்சு நாட்டுச் சட்டமும் அம்மன்றத்தை மதிக்கிறது. நம் குப்பங்களிலும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. இன்ன வலை போடலாம், இன்ன நாளில் கடலுக்குப் போகலாகாது என்று அது கட்டுப்பாடு செய்கிறது. மார்செய் மன்றத்துக்குக் கிடைத்த மதிப்பு நம் பஞ்சாயத்துக்குக் கிட்டவில்லை.

குப்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் படகு நிறுத்தி, வலை உலர்த்தி, மீன் விற்ற மணல் நிலம் அரசின் ஏட்டில் புறம்போக்கு. புறம்போக்கு என்றால் எவருக்கும் உரிமையில்லாதது என்று நகரத்தார் எண்ணிக்கொள்கின்றனர். 1985இல் மெரினாவிலிருந்து படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து வீடுகளையும் படகுகளையும் வாரிச் சென்றது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையிலிருந்து மீன்கடைகளை அகற்றியபோது குப்பத்துப் பெண்கள் சாலையில் அமர்ந்தனர். 2024இல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை வந்தது நன்று. எனினும், கரையின் மேல் உள்ள உரிமை கூரையினும் பெரிது. மீனவர் ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை கூறிற்று. ஏட்டில் எழுதியது மணலிலும் நிலைக்க வேண்டும்.

இக்குப்பங்கள் நாட்டுக்குத் தந்த பெருமக்களையும் மறக்கலாகாது. 1860இல் மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923இல் இதே சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தின விழாவைக் கொண்டாடினார். உழைப்பவரின் உரிமைக்குரல் இம்மணலிலிருந்தே எழுந்தது.

நம்மைப் போல் வெளியூரில் வாழும் தமிழர்க்கு இங்கே தனிக் கடமை உண்டு. நாம் வீட்டில் தமிழைக் காக்கிறோம் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் காற்று என்ற ஒரு சொல்லோடு நம் பிள்ளைகளின் தமிழ் நின்றுவிடுகிறது. குப்பத்து முதியவருக்கோ வாடை வேறு, கொண்டல் வேறு, கச்சான் வேறு. அவர் காற்றின் திசையையும் நீரோட்டத்தின் போக்கையும் நீரின் நிறத்தையும் பார்த்து, இன்று எம்மீன் கிட்டும் என்று சொல்வார். கட்டுமரம் போய்க் கண்ணாடியிழைப் படகு வந்துவிட்டது, அச்சொற்களும் போய்விடலாகாது.

ஆதலின் ஒரு வேண்டுகோள். வரும் கோடையில் சென்னை செல்லும்போது, ஒரு நாள் விடியற்காலையில் பிள்ளைகளுடன் நொச்சிக்குப்பத்திற்குச் செல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் அங்கே நெத்திலியோ சங்கராவோ கிடைத்தால், அது சிறுபடகுக்காரர் கொண்டுவந்த மீன் என்று அறியலாம். விற்கும் அம்மாவிடம் அளவுக்கு மீறிப் பேரம் பேசாதீர்கள். வலை பின்னும் பெரியவரிடம், "ஐயா, இன்று என்ன காற்று?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் விடையை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதை நம் பிள்ளைகளே எழுதட்டும்.

கடலோர மக்கள் வாழ்க! தமிழ் வாழ்க!