துணைப்பாடமாக மானிடவியல்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மரபில் கலாசாலை புகும் பிள்ளைகள் மருத்துவம், சட்டம், பொறியியல் முதலியவற்றையே பெரிதும் நாடுகின்றனர். அது தக்கதே. ஆயினும், முதற்பாடத்தோடு துணைப்பாடம் ஒன்றையும் தெரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம் இடந்தருமாயின், மானிடவியலைக் கொள்க என்பதே நாம் இன்று கூறப்புகுவது.

"அது சோறிடுமோ?" எனப் பெற்றோர் வினவுவர். சோறிடுதல் முதற்பாடத்தின் கடன். அத்தொழிலை மக்களறிந்து செய்யத் துணைப்பாடம் உதவும்.

இத்துறையை வளர்த்தோர் பலர் வேறு துறையினின்று வந்தவரே. அமெரிக்க வழக்கறிஞர் மார்கன், தந்தையின் உடன்பிறந்தானைத் தந்தை என்றும், தாயின் உடன்பிறந்தாளைத் தாய் என்றும் கொண்டு, தாயின் உடன்பிறந்தானை வேறு பெயரால் அழைக்கும் முறை, செனெக்கா என்னும் அமெரிக்கப் பழங்குடியினரிடத்தும் தமிழரிடத்தும் ஒத்திருத்தலை 1871-இல் வெளியான பெருநூலில் காட்டினார். நாம் நாள்தோறும் வழங்கும் பெரியப்பன், சிற்றன்னை, அம்மான் என்னும் சொற்கள் இங்ஙனம் உலக ஆராய்ச்சிக்குப் பொருளாயின.

ரிவர்ஸ் என்பார் மருத்துவர். 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவினரின் புலனாற்றலைச் சோதிக்கச் சென்றவர், அவ்வாற்றல் குடிவழி வருவதோ என்றறிய, ஒவ்வொருவரிடத்தும் அவர்தம் சுற்றத்தார் பெயரைக் கேட்டெழுதினார். அதுவே பின்னர்க் குடிவழி ஆய்வுமுறையாயிற்று. 1901–02-இல் நீலகிரித் தோடரிடையே அம்முறையைக் கையாண்டு, 1906-இல் அவர்களைப் பற்றி நூல் வெளியிட்டார்.

நிற்க. இத்துறைக்குக் கறையும் உண்டு. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிற்குத் தலைமை தாங்கிய ரிஸ்லி, மூக்கின் அளவும் சாதியின் படிநிலையும் ஒத்துச் செல்லும் என்றார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் தர்ஸ்டன் இந்நாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அளந்தோர் சொல் ஏட்டிலேறிற்று. அளக்கப்பட்டோர் சொல் ஏறவில்லை.

இதற்கு மறுப்பும் இத்துறையினின்றே எழுந்தது. பௌதிகத்தில் பட்டம் பெற்ற போவாஸ், நியூயார்க்கில் குடியேறியோரையும் அவர்தம் மக்களையும் அளந்து, அங்குப் பிறந்த பிள்ளைகளின் தலைவடிவு பெற்றோரினின்று வேறுபடுதலை 1911-இல் வெளியிட்டார். தலைவடிவு மாறாத குலக்குறி என்னும் கொள்கை அதனால் ஆட்டங்கண்டது.

ஆதலின், நம் குலமே உயர்ந்ததென நிறுவுதற்கு எவரும் இதனைக் கற்கவேண்டா. அங்ஙனம் கற்பின், ரிஸ்லியின் அளவுகோலை நாமே கையிலெடுத்தவராவோம். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவற்றை ஆராய்ந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதற்கும், அயலார் வழக்கத்தை இகழாது கேட்டறிதற்குமே கற்றல் வேண்டும். நோயாளியின் இல்லத்தில் எவர் சொல் செல்லும் என்று உசாவும் மருத்துவரும், அணை கட்டுமுன் அந்நீரால் வாழ்வோர் யாவர் என்று வினவும் பொறியாளரும் நம்மிடைத் தோன்றுவராயின், அதுவே நம் சங்கத்திற்குப் பெருமையாகும்.

மகனாயினும் மகளாயினும், இவ்வாண்டு கலாசாலைக்கு அனுப்பும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.